துறைமுக நிலத்தை மொத்தமாக விற்றுவிடாதீர்கள்

பழைய துறைமுகங்களையும் கப்பல் கட்டும் தளங்களையும் ஆலைக் கரைகளையும் புது நகர்ப்பகுதியாக மாற்றும் பொறுப்பில் இருக்கும் துறைமுக அதிகாரிகளுக்கும், மாநகராட்சிகளுக்கும், திட்டம் வரைகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிலத்தை ஒரே தடவையில், ஒரே ஆளிடம் விற்றுவிடாதீர்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நகரத்தின் நட்டநடுவில், தண்ணீரை ஒட்டி, அத்தனை ஏக்கர் காலியாகக் கிடக்கிறது என்றால் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதன் விலைதான். பெரும்பாலும் அரசிடம் பணமில்லாத நேரமாக இருக்கும், தேர்தலும் பக்கத்தில் வரும், அப்போது பெரிய நிறுவனம் ஒன்று அழகான படங்களோடு வந்து, மண்ணைச் சுத்தம் செய்வதில் இருந்து மரம் நடுவது வரை மொத்தத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும். கையெழுத்துப் போடுவது அந்த நேரத்தில் சுலபம். அப்புறம் இரண்டு தலைமுறைக்கு அந்தக் கையெழுத்தை யாராலும் திருத்த முடியாது.

இந்த நிலம் எப்படிக் காலியானது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்பவரின் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கண்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு நெவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஆட்கள் ஏற்றி இறக்கிய வேலையைக் கிரேனும் இரும்புப் பெட்டியும் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. கப்பல்கள் பெருத்தன; அவற்றுக்கு ஆழமான தண்ணீரும், பெட்டிகளை அடுக்கப் பரந்த வெளியும் வேண்டும்; நகரத்துக்குள் நுழைந்து கிடந்த பழைய துறைகளில் இரண்டுமே இல்லை. லண்டனில் 1967-இல் ஈஸ்ட் இந்தியா டாக் என்ற பழைய கப்பல்துறை மூடியது. 1981-இல் ராயல் டாக்ஸ் மூடியதோடு நகரை ஒட்டிய டாக்குகளின் கதை முடிந்தது. பதினான்கே ஆண்டுகள். அப்பாவும் தாத்தாவும் அதே துறையில் சரக்கு இறக்கிய குடும்பங்களுக்கு அந்தப் பதினான்கு ஆண்டுகளில் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, நிலம் காலியானதற்கு விலை கொடுத்தவர்கள் அங்கே உழைத்தவர்கள். அது இன்று இவ்வளவு விலை போவதற்குக் காரணம், சுற்றிலும் ஒரு நகரம் வளர்ந்து நிற்பதும், மக்கள் பணத்தில் சாலையும் பாலமும் ரயிலும் வந்திருப்பதும்தான். அந்த மதிப்பில் பெரும்பங்கு பொதுவுக்கே திரும்ப வரவேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை, நியாயம்.

இதில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் இடம் கனடாவின் வான்கூவரில் இருக்கும் ஃபால்ஸ் கிரீக். கடல் ஊருக்குள் புகுந்து நிற்கும் ஒரு குறுகிய கழி அது. மர அறுவை ஆலைகளும் ரயில் முற்றங்களுமாகக் கரை முழுவதும் புகையும் தூசியுமாக இருந்த இடம். ஒரே தண்ணீருக்கு இரண்டு கரை, இரண்டுக்கும் இரண்டு முடிவு. தென்கரையில் 1970-களில் மாநகராட்சி நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, நீண்டகாலக் குத்தகைக்கு விட்டு, கூட்டுறவு வீடுகளும் வாடகை வீடுகளும் சொந்த வீடுகளும் கலந்த ஒரு குடியிருப்பைக் கட்டியது. குறைந்த வருமானம், நடுத்தர வருமானம், அதிக வருமானம் என்று மூன்று தரப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் அன்றைக்கு வைத்த இலக்கு. வடகரையில் 1986-இல் உலகக் கண்காட்சி நடந்தது, அது முடிந்து இரண்டு வருடத்தில் மாகாண அரசு அந்த நிலம் முழுவதையும் ஹாங்காங் தொழிலதிபர் லி கா-ஷிங்கின் குழுமத்துக்கு 32 கோடி கனடிய டாலருக்கு விற்றது. நிலம் போனது, ஆனால் அதன் அடியில் இருந்த நச்சு மண்ணைச் சரிசெய்யும் பொறுப்பு மட்டும் அரசிடமே நின்றுவிட்டது.

வடகரை மோசமான இடம் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனை போட்டுப் பூங்காவும் கரையோர நடைபாதையும் வாங்கியிருக்கிறார்கள், அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நகரத்தின் தேவை மாறும்போது தென்கரையில் மாநகராட்சி மறுபடி உட்கார்ந்து, இந்த நிலத்தில் அடுத்து என்ன வேண்டும் என்று முடிவெடுக்கலாம். வடகரையில் அந்த வாய்ப்பு போனது போனதுதான். குத்தகை முடிய நெருங்க நெருங்கத் தென்கரையில் குடியிருப்பவர்களுக்குக் கவலை வருவதும் உண்மை. அதற்கு மருந்து விற்பனை இல்லை. புதுப்பிக்கும் விதிகளை முதல் நாளிலேயே எழுதிவைப்பதுதான்.

விற்றே ஆகவேண்டும் என்றால் ஜெர்மனியின் ஹாம்பர்க் செய்ததைப் பாருங்கள். பழைய துறைமுக நிலத்தில் ஹாஃபன்சிட்டி என்ற புது நகர்ப்பகுதி கட்டும் திட்டத்தை 1997-இல் வெளியே சொல்வதற்கு முன்பே, அந்த நகரம் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் சத்தமில்லாமல் அந்தப் பகுதியில் இடங்களை வாங்கிச் சேர்த்தது, விஷயம் தெரிந்து தரகர்கள் விலையேற்றுவதற்கு இடமே கொடுக்கவில்லை. அப்புறம், தண்ணீரும் சேர்த்துக் கிட்டத்தட்ட 157 ஹெக்டேர் கொண்ட அந்தப் பகுதியின் நிலத்தைத் துண்டு துண்டாக, பல ஆண்டுகளில் கொடுத்தது. துண்டு கிடைத்தவருக்கும் உடனே பத்திரம் கிடையாது. முதலில் ஒரு கால அவகாசம், அதற்குள் கட்டடக்கலைப் போட்டி நடத்தி, வரைபடம் முடித்து, கட்ட அனுமதி வாங்கிக்கொண்டு வந்தால்தான் கிரயம். செய்யாவிட்டால் நிலம் நகரத்திடமே இருக்கும். வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க வழியில்லை. அதிக விலை சொன்னவருக்கே கொடுக்காமல், அங்கே என்ன செய்யப்போகிறார் என்பதற்குக் கூடுதல் எடை வைத்தார்கள்.

அங்கேயும் தவறு நடந்தது. முதலில் எழுந்த மேற்குப் பகுதி வசதியானவர்களுக்கான இடமாகவே ஆனது, விமர்சனம் கிளம்பிய பிறகுதான் கிழக்குப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு மானிய வீடுகள் என்ற விதி உறுதியானது. நிலம் துண்டு துண்டாகக் கையில் இருந்ததால்தான் பாதி வழியில் திருந்த முடிந்தது. நான் சொல்ல வருவதே அதுதான். முதல் வரைபடத்திலேயே எல்லாம் சரியாக வரும் என்று எந்த நிபுணரும் உங்களுக்கு உறுதி கொடுக்க முடியாது. அப்படியானால் திருத்த இடம் வைத்துக்கொண்டு கட்டுவதுதானே புத்தி?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோபன்ஹேகனில் மாநகராட்சியும் தேசிய அரசும் சேர்ந்து பொது நிறுவனம் ஒன்றை நடத்துகின்றன. துறைமுக நிலங்கள் அதன் கையில் இருக்கின்றன, அந்த நிலத்தின் மதிப்பை வைத்துக் கடன் வாங்கித்தான் மெட்ரோ வந்தது. நல்ல வழி, ஆனால் கண்மூடிப் பின்பற்றாதீர்கள்: கடனை அடைக்க வேண்டியிருப்பதால் நிலத்தை நல்ல விலைக்கு விற்றே ஆகவேண்டிய நெருக்கடி அந்த நிறுவனத்துக்கு எப்போதும் இருக்கிறது, அது வீட்டு விலையில் வந்து விடிகிறது. எவ்வளவு கடன், எத்தனை ஆண்டுக்கு, அதற்காக எத்தனை வீடு சந்தை விலைக்குப் போகும் என்று ஆரம்பத்திலேயே கணக்கை மக்கள் முன் வையுங்கள்.

சரி, மண்ணுக்கு வருகிறேன். திட்ட அறிக்கைகளில் பத்தோடு பதினொன்றாக, பின்னிணைப்பில் ஒளிந்துகொள்ளும் விஷயம் இது. என்னைக் கேட்டால் இதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழைய துறைமுகத்தில் குழாயை இறக்கி எடுத்த மண்ணை நீளவாக்கில் ஒரு பலகையில் கிடத்திப் பாருங்கள். மேலே வெடித்த கான்கிரீட். அதன் கீழ் உடைந்த செங்கல், கண்ணாடிச் சில்லு, சாம்பல், உலையில் இருந்து கொட்டிய கசடு, ஏனென்றால் இந்தக் கரைகளில் பலவும் தண்ணீரைக் குப்பையால் தூர்த்து உண்டாக்கியவை. இன்னும் கீழே போனால் எண்ணெய் மினுங்கும் கறுப்புச் சேறு, கிட்டே குனிந்தாலே தார் வாடை அடிக்கும். அடியில்தான் சிப்பி ஓடுகளோடு பழைய சதுப்புக் களிமண். நிலக்கரியில் இருந்து எரிவாயு எடுத்த இடமென்றால் தாரும் பென்சீனும் இருக்கும். கப்பலுக்கு வண்ணம் அடித்த இடமென்றால் ஈயம் இருக்கும், அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பூசிய ட்ரைபியூட்டைல்டின் இருக்கும். கடல் உயிர்களைப் பாழாக்குகிறது என்று 2008-இல் உலக அளவில் தடை செய்யப்பட்ட பொருள் அது. பழைய கட்டடங்களில் கல்நார், பழைய மின்மாற்றிகள் இருந்த இடத்தில் பிசிபி என்ற நச்சு கலந்த எண்ணெய். குழந்தைகள் விளையாடப் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்திருக்கும் இடத்துக்குக் கீழே இவற்றில் எது இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஒப்புதல் கொடுக்கிறீர்கள்?

சோதனையை யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹன்டர்ஸ் பாயின்ட் என்ற பழைய கடற்படைத் தளத்தில் கதிரியக்கம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை நடந்தது, பிறகு அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் வருவதாக ஏற்பாடு. சோதிக்க வேண்டிய இடத்து மண்ணுக்குப் பதில் வேறு இடத்துச் சுத்தமான மண்ணை மாதிரியாகக் காட்டியதற்காக இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு 2018-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியவரே சோதித்தும் சொன்னால் இதுதான் நடக்கும். வேலை எடுத்தவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் மூன்றாமவர் என்று இருக்கட்டும். எந்த இடத்தில், எத்தனை அடியில், என்ன கிடைத்தது என்ற வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஏழைகள் இருக்கும் பக்கம் கொட்டிவிட்டுச் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்வதையும் ஏற்றுக்கொள்ள முடியாது. வேறு வழிகள் இருக்கின்றன. சியாட்டிலில் ஏரிக்கரையில் 1956-இல் நின்றுபோன எரிவாயு ஆலையை ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் இடிக்கவிடாமல் பூங்காவாக மாற்றினார், அது 1975-இல் திறந்தது. எண்ணெய் ஊறிய மண்ணில் மரத்தூளையும் கழிவுநீர்க் கசடையும் கலந்து உழுது, நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்னும்படி விட்டார். அது எல்லா நஞ்சையும் நீக்கிவிடவில்லை, பின்னாளிலும் அங்கே கண்காணிப்பும் சீரமைப்பும் தேவைப்பட்டன. ஆனாலும் அரைநூற்றாண்டுக்கு முன்பே ஒருவருக்கு மண்ணோடு பொறுமையாக வேலை செய்யத் தோன்றியிருக்கிறது.

டொரண்டோவில் நடந்தது இன்னும் பெரிது. டான் ஆற்றின் வாயில் இருந்த பெரிய சதுப்பு நிலத்தைத் தூர்த்து, ஆற்றைச் செங்கோணத்தில் திருப்பி ஒரு கால்வாயில் அடைத்து, துறைமுகத் தொழிற்பேட்டை அமைத்திருந்தார்கள். பெருவெள்ளம் வந்தால் மூழ்கும் என்பதால் அங்கே வீடு கட்டவே முடியாமல் இருந்தது. 2017-இல் மூன்று நிலை அரசுகளும் சேர்ந்து 125 கோடி கனடிய டாலர் ஒதுக்கி, ஆற்றுக்குப் புதிதாக ஒரு வாயையே தோண்டினார்கள். வீடு அப்புறம், ஆறு முதலில். தோண்டும்போது ஒரு மூலையில் வெளிப்பட்ட பழைய மண்ணில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. பார்த்தால் சம்பும் கோரையும். நூறு வருடத்துக்கு மேல் ஆலை நிலத்துக்கு அடியில் புதைந்து கிடந்த சதுப்பின் விதைகள், காற்றும் வெளிச்சமும் பட்டதும் முளைத்துவிட்டன. ஆய்வாளர்கள் அந்த மண்ணைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். அவசர ஒப்பந்தமாக இருந்திருந்தால் அந்த மண்ணும் கழிவோடு கழிவாக லாரியில் போயிருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். ஸ்பெயினின் பில்பாவோ நகரம் என்றதும் எல்லோரும் 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைச் சொல்வார்கள், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த ஊரின் ஆற்றைச் சுத்தம் செய்யும் கழிவுநீர்த் திட்டம் 1979-இலேயே தொடங்கியது, அதற்கு ஆன செலவு அருங்காட்சியகச் செலவைவிடப் பல மடங்கு. மெட்ரோ 1995-இல் வந்தது. துறைமுகம் கடல் வாய்க்கு நகர்ந்தது. பளபளக்கும் கட்டடம் கடைசியாக வந்து சேர்ந்த ஒன்று, புகழ் மட்டும் அதற்குப் போனது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் 2002-இல் மக்கள் குளிக்க இறங்கினார்கள் என்றால், அதற்கு முன் மழைக்காலத்தில் சாக்கடை பொங்கித் துறைமுகத்தில் கலப்பதைத் தடுக்கத் தரைக்கடியில் ஏராளமான வேலை நடந்தது. அப்படிக் குழாய் பதிக்கிற வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், உங்கள் பொறியாளர்களுக்கே தெரியும். 1901-இல் இருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துவிட்டது. 1962 புயல் வெள்ளத்தில் 315 பேரைப் பறிகொடுத்த ஹாம்பர்க், ஹாஃபன்சிட்டியின் தரையையே கடல்மட்டத்துக்கு மேல் எட்டொன்பது மீட்டருக்கு உயர்த்திக் கட்டியது. அடித்தளத்தை உயர்த்தாமல் மேலே மாடியை மட்டும் உயர்த்தும் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது மனிதர்கள். காலியான நிலம் என்று உங்கள் ஆவணங்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. படகு பழுது பார்க்கும் பட்டறை இருக்கும், வலை உலர்த்துகிறவர்கள் இருப்பார்கள், பழைய கிட்டங்கியில் மலிவு வாடகைக்குத் தச்சரும் வெல்டரும் இருப்பார்கள், வேலை போன பிறகும் ஊரைவிட்டுப் போகாத துறைமுகக் குடும்பங்கள் அடுத்த தெருவிலேயே இருக்கும். லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லாண்ட்ஸில் 1981-இல் தனி ஆணையம் அமைத்து, உள்ளூர் மன்றங்களிடம் இருந்த திட்ட அனுமதி அதிகாரத்தை அதன் கையில் கொடுத்தார்கள். ராயல் டாக்ஸ் பகுதி மக்கள் 1983-இல் வீடு, வேலை, குழந்தைக் காப்பகம் என்று தங்களுக்கு வேண்டியதை வைத்துத் தாங்களே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வந்தது விமான நிலையம். அதே டாக்லாண்ட்ஸின் கேனரி வார்ஃபில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன, கட்டிய நிறுவனம் 1992-இல் திவாலானது, ஜூபிலி ரயில் பாதை 1999-இல்தான் வந்து சேர்ந்தது. இன்று அங்கே லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. சரக்கு இறக்கியவரின் மகனுக்கு அதில் எத்தனை வேலை கிடைத்தது என்று கேட்கிறேன்.

அதே லண்டனில், ஆற்றின் தென்கரையில், காயின் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் அலுவலகக் கோபுரங்கள் வர இருந்தன. குடியிருப்பவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 1984-இல் பெருநகர மன்றம் ஏறத்தாழ 13 ஏக்கரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு அவர்களுடைய அமைப்புக்கே விற்றது, பொது நலனுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டு. இன்று அங்கே கூட்டுறவு வீடுகள், பூங்கா, கடைகள், ஆற்றோர நடைபாதை எல்லாம் இருக்கின்றன. இது யாரோ கண்ட கனவு இல்லை, அந்த நகரத்தின் விலை உயர்ந்த கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் சிட்னியின் மில்லர்ஸ் பாயின்ட். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த அரசு வீடுகளை, பக்கத்துக் கரையில் பாரங்காரூ திட்டம் எழுந்துகொண்டிருந்த சமயத்தில், 2014-இல் விற்கப்போவதாக அறிவித்தார்கள். வயதானவர்களைக்கூட வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். வந்த பணத்தில் வேறு இடத்தில் அதிக வீடு கட்டலாம் என்பது அரசின் வாதம். கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கரையை உழைப்பால் உண்டாக்கியவர்கள் கரை அழகானதும் வெளியேற வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தொழிலையும் முழுக்க விரட்ட வேண்டாம். ஃபால்ஸ் கிரீக் முகப்பில் கிரான்வில் ஐலண்ட் என்று ஒரு இடம். பழைய தகரக் கொட்டகைகளை இடிக்காமல் 1979-இல் சந்தை திறந்தார்கள், அங்கே இருந்த கான்கிரீட் ஆலையை இருந்தபடியே விட்டுவிட்டார்கள். காய்கறிப் பையோடு போகிறவர்களுக்கு நடுவே கான்கிரீட் லாரி மெதுவாக நகர்ந்து போகும். யாரும் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை, அந்த இடத்தின் உயிரே அதுதான். புது வீடு வாங்கி வருபவர் பக்கத்துப் பட்டறையின் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்துப் பட்டறையை மூடவைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் 2018-இல் திட்ட விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள்: புதிதாக வருபவர்தான் சத்தத்தைத் தடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். அதை உங்கள் விதிகளிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுலபமான வேலைதான்.

கடைசியாக, தண்ணீரை ஒட்டிய விளிம்பு. அதை எந்த விற்பனையிலும் சேர்க்காதீர்கள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது, நிலமே பொதுப் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கம்பி வேலி வரும், ஒரு காவலாளி வருவார், தூண்டில் போடாதே, உட்காராதே, படம் எடுக்காதே என்று ஒவ்வொன்றாகப் பலகை முளைக்கும்.

என் கோரிக்கை பெரிதில்லை. கட்டுநர்களிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்பதற்கு முன் மூன்றை வெளியிடுங்கள்: மண் சோதனை முடிவுகள் முழுமையாக; ஒவ்வொரு துண்டும் இன்று யார் பெயரில் இருக்கிறது; அங்கே இப்போது குடியிருப்பவர்களும் வேலை செய்பவர்களும் யார் யார், திட்டம் முடியும்போது அவர்கள் எங்கே இருப்பார்கள். வெளியிட்ட பிறகு குறைந்தது ஒரு வருடம் மக்கள் படித்துக் கேள்வி கேட்க அவகாசம் கொடுங்கள். அதற்குள் இடம் பாழாய்க் கிடக்குமே என்றால், கேட்டைத் திறந்துவிடுங்கள். ஆபத்தான இடங்களை மட்டும் அடைத்துவிட்டு, நல்ல கிட்டங்கிகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள், தண்ணீர் வரைக்கும் நடக்க ஒரு பாதை போடுங்கள். அந்தக் கரையில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு வரைபடத்தை எடுங்கள்.